மலிவு டிஎஸ்எல்ஆரில் எந்தக் குறையைப் பொறுக்கலாம்?

கேள்வி: நிக்கான் டி3500 கேமரா வாங்க எண்ணியிருக்கிறேன். உள்ளரங்கில் இறகுப்பந்து ஆடும் என் மகளைப் படமெடுப்பதே முதல் நோக்கம். தந்தை பயன்படுத்திய நிக்கான் 50 மி.மீ. எஃப்/1.8 டி லென்ஸ் நல்ல நிலையில் இருக்கிறது. நான் கண்ணாடி அணிபவன். இந்தக் கேமராவில் குறைகள் பல என்கிறார்கள். எவற்றைப் பொருட்படுத்த வேண்டும்?

பதில்: வெளி மைக் செருக இடமில்லை, திரை மடங்காது, தூசிக்கும் மழைக்கும் காப்பு இல்லை என்று வழக்கமாகச் சொல்லப்படும் குறைகளை நீங்கள் ஒதுக்கிவிடலாம். உங்கள் வேலைக்கு அவை குறுக்கே வரப்போவதில்லை.

உங்களைத் தடுக்கக்கூடிய குறை, கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது. டி3500 உடலுக்குள் ஆட்டோஃபோகஸ் மோட்டார் கிடையாது. உங்கள் தந்தையின் டி வகை லென்ஸுக்குள்ளும் கிடையாது. ஆகவே இரண்டையும் சேர்த்தால் ஒளியளவு சரியாக வரும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். (லென்ஸில் ஒளி நுழையும் துளையை மாற்றும் அபெர்ச்சர் வளையத்தை 22இல் வைத்துப் பூட்டாவிட்டால் கேமரா படமே எடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.) ஃபோகஸ் சரியானதும் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றும், அமர்ந்திருப்பவரின் முகத்துக்கு அந்த உதவி போதும், வலையை நோக்கிப் பாயும் பிள்ளைக்குப் போதாது.

கேமராவோடு வரும் 18–55 லென்ஸால் சமாளிக்கலாமே என்று தோன்றலாம். அதன் 55 மி.மீ. முனையில் அபெர்ச்சர் எஃப்/5.6ஐ விட அகலமாகத் திறக்காது (எண் சிறிதானால் துளை பெரிது) என்பதால், எஃப்/1.8 தரும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். அதாவது ஒரே ஐஎஸ்ஓவில் (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன் அளவு) உங்கள் 50 மி.மீ. லென்ஸ் 1/500 நொடியில் எடுக்கும் படத்துக்கு இது 1/50 நொடி கேட்கும், அதற்குள் மட்டை வீசும் கை வெறும் புகையாகிவிடும். ஐஎஸ்ஓவைக் கூட்டி ஓரளவு ஈடுகட்டலாம் என்றாலும் பத்து மடங்கு என்பது பெரிய கடன்.

இதனுடன் ஃபோகஸ் புள்ளிகளையும் சேர்த்துப் பாருங்கள். டி3500இல் உள்ள 11 புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே குறுக்கு வகை, அதாவது கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் உணர்வது. ஆட்டக்காரரை எப்போதும் சட்டத்தின் நடுவிலேயே வைத்துப் பின்னர் வெட்டிக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும். 24 மெகாபிக்சல் இருப்பதால் அதை நான் பெரிய இழப்பாகக் கருதவில்லை.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்க, வியூஃபைண்டரின் பவர் திருத்தம் −1.7 முதல் +0.5 வரையே செல்லும். சிலிண்டர் பவரை அது திருத்தாது. கண்ணாடியோடு பார்த்தாலும் கழற்றிப் பார்த்தாலும், காட்சி சிறிதாகவும் சற்று மங்கலாகவும் இருப்பதோடு படத்தில் பதிவதில் 95 விழுக்காடுதான் தெரியும்.

டி3500இன் உற்பத்தி நின்றுவிட்டதால் பழைய கேமராவைத்தான் நீங்கள் பெரும்பாலும் வாங்கப்போகிறீர்கள். அப்படியானால் ஏன் நிக்கானின் டி7200ஐப் பார்க்கக்கூடாது? அதில் மோட்டார் உண்டு, 51 புள்ளிகளில் 15 குறுக்கு வகை, வியூஃபைண்டர் ஏறக்குறைய முழுச் சட்டத்தையும் காட்டும். எடை கிட்டத்தட்ட இரு மடங்கு. அதைச் சுமக்க மனமில்லையென்றால் டி3500உடன், தனக்குள்ளேயே மோட்டார் கொண்ட ஏஎஃப்-எஸ் வகை 50 மி.மீ. லென்ஸை வாங்கித் தந்தையின் லென்ஸை நிதானமான படங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். என் தேர்வு டி7200.

பணம் கொடுக்கும் முன் ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது அந்தக் கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை, கேளுங்கள். டி7200இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. பிறகு தந்தையின் லென்ஸைப் பொருத்தி, எஃப்/1.8இல் உங்களை நோக்கி நடந்து வருபவரைப் பத்துப் படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் கண்களைப் பாருங்கள். ஃபோகஸ் தொடர்ந்து முன்னோ பின்னோ விழுந்தால் டி7200இன் மெனுவில் அதைத் திருத்த வழி இருக்கிறது, டி3500இல் இல்லை.