வாழைப்பழம் கொடுத்தும் போகவில்லை!

குழந்தைகளின் மலச்சிக்கல் பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைநல மருத்துவர் பதில்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. நான்கைந்து நாளைக்கு ஒருமுறைதான் மோஷன் போகிறான். போகும்போது அழுகை, சில சமயம் ஒரு சொட்டு ரத்தம். தினமும் ராத்திரி வாழைப்பழம், வாரம் மூன்று நாள் கீரை, காலையில் வெந்நீர் என்று எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். இப்போது ஒரு மாதமாக ஜட்டியில் கறை வேறு. கேட்டால் “தெரியலம்மா” என்கிறான். கோபத்தில் ஒரு நாள் அடித்தும்விட்டேன். மாமியார் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார். நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் அந்தத் “தெரியலம்மா”வை நம்புங்கள் அம்மா. அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு நிஜமாகவே தெரியாது.

நாள்கணக்கில் அடக்கி வைத்த மலம் உள்ளேயே தண்ணீர் வற்றிக் கட்டியாகிவிடும். அதைச் சுமந்து சுமந்து மலக்குடல் விரிந்துபோவதால், ‘வருகிறது’ என்கிற உணர்வே மங்கிவிடும். அப்புறம் மேலேயிருந்து வரும் இளகின மலம் அந்தக் கட்டியைச் சுற்றிக்கொண்டு கசியும். நீங்கள் பார்க்கும் கறை அதுதான். இதைப் பேதி என்று நினைத்து, மருந்துக் கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அடைப்பு இன்னும் இறுகியதுதான் மிச்சம்.

பெரும்பாலும் இது ஒரே ஒரு நாள் வலியில்தான் தொடங்குகிறது. ஒரு முறை கெட்டியாகப் போகிறது, ஆசனவாயில் சின்னதாய்க் கிழிகிறது (அந்த ஒரு சொட்டு ரத்தம்), மறுநாள் பயத்தில் அடக்குகிறான், அடக்கியதால் இன்னும் கெட்டியாகிறது. பீரோ ஓரத்தில் ஒதுங்கி, கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று முகம் சிவக்கிறானா? “பாவம், முக்குகிறான், வரமாட்டேன் என்கிறது” என்பார்கள். முக்கவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரித்தீர்களா? என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது இதே கதைதான். மாலையில் பையிலிருந்து எடுக்கும் தண்ணீர் பாட்டில் காலையில் இருந்த கனத்திலேயே இருக்கும். குடிக்க மறந்துவிடுகிறாள் என்று நானும் திட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் தலை பின்னும்போது தானாகச் சொன்னாள்: பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தோழி ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவள் நடுவில் விட்டுவிட்டுச் சிரிப்பாள். போகாமல் இருக்க வேண்டுமென்றால் குடிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஊருக்கெல்லாம் மருந்து எழுதுகிறவளுக்குத் தன் வீட்டு பாட்டிலின் அர்த்தம் புரிய ஆறு மாதம் ஆனது.

அன்றிலிருந்து, சீருடையோடு வரும் பிள்ளையைப் பார்த்தால் வயிற்றை அமுக்குவதற்கு முன்னால் “பாட்டிலை எடு” என்பேன். குலுக்கிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நீங்களும் இன்று மாலை குலுக்கிப் பாருங்கள். 2019-இல் கேரளத்துப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே மணியடிக்க ஆரம்பித்தார்கள். நம் பக்கமும் ‘வாட்டர் பெல்’ வந்திருக்கிறது. நல்ல யோசனை. குடித்த தண்ணீர் வெளியே போக இடமும் வேண்டுமே!

சரி, இப்போது செய்ய வேண்டியது. உங்கள் சமையலில் பெரிய குற்றம் இல்லை. வாசலை மறித்து லாரி நிற்கும்போது பின்னால் எத்தனை வண்டி அனுப்பி என்ன பயன்? அடைப்பு இருக்கையில் நார்ச்சத்தைக் கூட்டினால் வயிறு உப்பி வலிக்கும், அவ்வளவுதான். முதலில் மருத்துவரிடம் காட்டி, அடைப்பை இளக்கி வெளியேற்ற வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடியைத் தண்ணீரில் கலந்து சில நாள் கொடுப்போம். அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதன்பின் குறைந்த அளவில் குறைந்தது இரண்டு மாதமாவது தினமும் தொடர வேண்டியிருக்கும்.

விளக்கெண்ணெய் வேண்டாம். வயிற்றைப் பிசைந்து வலிக்க வைக்கும், ஏற்கெனவே பயந்தவன் இன்னும் பயப்படுவான். மூக்கைப் பிடித்து ஊற்றும்போது புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் பெரிய வினை.

அடைப்பு போன பிறகு, சாப்பிட்ட கையோடு பிள்ளையை உட்கார வையுங்கள். வயிறு நிறைந்ததும் பெருங்குடல் தானே அசையும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 5 முதல் 10 நிமிடம் போதும். லைன் வீட்டுப் பொதுக் கழிப்பறை என்றால் காலையில் க்யூ நிற்கும், யாராவது கதவைத் தட்டுவார்கள், ஸ்கூல் வேன் வேறு ஹாரன் அடிக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்கக் கூடாது, ஒரு பலகை போட்டு முட்டியை உயர்த்துங்கள். வந்ததா வரவில்லையா என்று விசாரணை வேண்டாம், உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள். பையில் ஒரு மாற்று ஜட்டியும் ஒரு கவரும் இருக்கட்டும். வகுப்பு ஆசிரியையிடம் தனியாகச் சொல்லி, கேட்டபோது வெளியே விடச் சொல்லுங்கள்.

உணவுக்கு ஒரு சுலபக் கணக்கு: வயதோடு 5-ஐக் கூட்டினால் ஒரு நாளைக்குத் தேவையான நார்ச்சத்து, கிராமில். உங்கள் மகனுக்கு 13. ஒரு சின்ன வாழைப்பழத்தில் 2 கிராம் அளவுக்குத்தான் கிடைக்கும். வெள்ளைச் சோறு 100 கிராமில் ஒரு கிராம்கூடக் கிடையாது. அதே 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்கு மேல், வேகவைத்த கொண்டைக்கடலையில் 7 கிராம். ஷிப்ட் முடிந்து வந்து தனியாக எதுவும் சமைக்க வேண்டாம். காலையிலேயே கடலையை ஊறப்போட்டுவிட்டால் ராத்திரி குக்கரில் நான்கு விசில், சுண்டல் ரெடி. கொய்யாவை விதையோடு தின்னட்டும்.

கேள்வி: பேத்திக்கு 6 வயது. சோறு இறங்காது. பாலில் சத்துமாவு கலந்து தினமும் நான்கு டம்ளர் குடித்துவிடுவாள். ஆட்டுப் புழுக்கை மாதிரி போகிறாள். பால் சத்துதானே?
– ஒரு தாத்தா, தஞ்சாவூர்

பதில்: சத்துதான் ஐயா. ஆனால் பாலில் நார்ச்சத்து துளியும் இல்லை. டம்ளருக்கு 200 மில்லி என்றால் 800 மில்லி பால்! அது போன வயிற்றில் சோறு எங்கே இறங்கும்? இரண்டு டம்ளராகக் குறையுங்கள், அதையும் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். முதல் சில நாள் வீடு ரெண்டாகும். நீங்கள் மனமிரங்கி ரகசியமாக மூன்றாவது டம்ளர் ஆற்றிக் கொடுக்காமல் இருந்தால் போதும், பசி வரும். குறைத்தும் சரியாகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். சில குழந்தைகளுக்குப் பசும்பால் ஒவ்வாமையாலும் மலச்சிக்கல் வரும்.

கேள்வி: மகளுக்கு மூன்று மாதம் கொடுக்கச் சொல்லி சிரப் எழுதினார்கள். பத்து நாளில் சரியானதும், பழகிவிடுமே என்று நிறுத்தினேன். மறுபடியும் சிக்கல்.
– ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: பழகாது. அந்த வகை மருந்து மலத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதங்கள் ஆகும், பத்து நாள் போதாது. எழுதிக் கொடுத்தவரிடமே திரும்பப் போங்கள். குறைப்பதையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பச்சை நிறத்தில் வாந்தி, வயிறு வீங்கி இறுகுவது, எடை குறைவது, கால் பலவீனம், பிறந்த நாளிலிருந்தே மலச்சிக்கல் – இதில் எது இருந்தாலும் சிரப், சுண்டல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: விளக்கெண்ணெயில் நனைத்த வெற்றிலைக் காம்பு, இல்லாவிட்டால் சோப்புத் துண்டு வைத்துத்தான் ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பேரனுக்கு வைக்கப் போனால் மருமகள் சண்டைக்கு வருகிறாள்.
– ஒரு பாட்டி, காரைக்குடி

பதில்: இந்தச் சண்டையில் நான் மருமகள் கட்சி. சோப்பு உள்தோலை அரித்து எரிய வைக்கும். காம்பு புண்ணாக்கும், புண் பயத்தைக் கூட்டும், பயம் மறுபடி அடக்க வைக்கும். வெற்றிலையை, புகையிலை சேர்க்காமல், நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் பாட்டி. காம்பைக் கிள்ளி எறிந்துவிடலாம்.