ஒன்பது பேர் தைத்த ஒன்பது கட்டங்கள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் தங்கைக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்கப் போகிறது. வீட்டாரும் தோழிகளுமாக ஒன்பது பேர் சேர்ந்து ஒட்டுத்துணியில் ஒரு குழந்தைக் குவில்ட் (மேலே கட்டங்கள், நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது) தைக்கத் தொடங்கினோம். ஆளுக்கு ஒரு கட்டம். அவரவர் பழைய துணியில் 4½ அங்குலச் சதுரமாக ஒன்பது வெட்டி, மூன்றுக்கு மூன்றாக இணைத்து, 12½ அங்குலக் கட்டமாக அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததை அளந்தால் ஒன்று 11¾, ஒன்று 12¾, மற்றவை நடுவில் ஏதேதோ. ஒரு கட்டம் டீ-ஷர்ட் துணி, இழுத்தால் நீள்கிறது. ஒன்று பாட்டியின் பழைய பருத்திப் புடவை, மிகவும் மெல்லிசு. ஒன்றில் அடர் சிவப்புத் துணி இருக்கிறது, சாயம் போகுமோ என்று பயம். ஒரு தோழி அழகுக்காக ஐந்து பட்டன்கள் வைத்திருக்கிறார். யாருடையதையும் திருப்பி அனுப்ப மனமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி முடித்துவிடலாம் என்று நினைக்கிறோம், ஆனால் பாதிப் பேருக்குத் தைக்கத் தெரியாது. எல்லோர் பெயரும் அதில் இருக்க வேண்டும். யாருடைய கட்டம் நடுவில் வருவது என்று வேறு இப்போதே பேச்சு நடக்கிறது. என்ன செய்யலாம்?

வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

எதையும் திருப்பி அனுப்ப வேண்டாம். ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது 11¾ கட்டத்தைப் பற்றியல்ல, 12¾ கட்டத்தைப் பற்றி.

தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். இந்த வேலைக்கும் அதுவே வசதி. சதுரங்களை இணைக்கும்போது ஓரத்திலிருந்து 2 நூல், அதாவது கால் அங்குலம், தள்ளித் தைக்க வேண்டும். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் குறுக்கே இரண்டு தையல்கள் வரும். ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கத் துணியையும் உள்ளே இழுக்கிறது. ஒருவர் 3 நூல் தள்ளித் தைத்தால் தையலுக்கு 2 நூல் கூடுதலாகப் போகும், இரண்டு தையலுக்கு 4 நூல். 12½ வர வேண்டியது 12 ஆகிவிடும். மூன்றரை நூல் தள்ளியவருக்கு 11¾. யாரும் பெரிதாகத் தவறு செய்யவில்லை, கண்ணுக்குத் தெரியாத பிசகு நான்கு மடங்காகி வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

12¾ கட்டம் ஒன்றரை நூல் ஓரத்தில் தைக்கப்பட்டிருக்க வேண்டும். திருப்பிப் போட்டு உள்பக்கம் மிச்சமிருக்கும் துணியை அளந்து பாருங்கள். அவ்வளவு குறுகலான ஓரம் நாலைந்து சலவையில் பிசிறு பிரிந்து தையலை விட்டு நழுவும். குழந்தையின் விரல் நுழையும் ஓட்டை அங்கேதான் விழும். பழைய தையலைப் பிரிக்காமல் அதற்கு அரை நூல் உள்ளே இன்னொரு தையல் ஓட்டுங்கள். கட்டமும் 12½க்கு வந்துவிடும். ஓரத்தில் சரியாக 2 நூல் இருந்தும் கட்டம் பெரிதாக இருந்தால் தவறு வெட்டியதில்தான். அட்டையைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து, கோட்டுக்கு வெளியே வெட்டினால் சதுரம் கோட்டின் தடிமன் அளவுக்கு வளரும். அப்படியானால் தையலைத் தொட வேண்டாம்.

இனி எல்லாவற்றையும் ஒரே அளவாக்குவது. பெரிய கட்டங்களைச் சின்னதன் அளவுக்கு நறுக்கினால் ஓரச் சதுரங்கள் மட்டும் ஒல்லியாகி, கண்ணை உறுத்தும். அதைவிட ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி ஒரே நிறத் துணியில் ஓரப்பட்டி வைத்து, பட்டியை நறுக்குங்கள். பட்டி 2 அங்குல அகலம். 11¾ கட்டத்துக்கு நான்கு பக்கமும் வைத்துத் தைத்தால் 14¾ வரும், 12½ கட்டத்துக்கு 15½. எல்லாவற்றையும் 14½க்கு நறுக்குங்கள். தைத்து முடித்தபின் சிறிய கட்டத்தைச் சுற்றிப் பட்டி 1⅜ அங்குலமும் பெரியதைச் சுற்றி 1 அங்குலமும் தெரியும். மூன்று நூல் வித்தியாசம். வெறும் கட்டங்களில் அது பெரிய தகராறு, பட்டியில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மூன்று வரிசை இணைத்ததும் 42க்கு 42 அங்குலம்.

நறுக்குவதற்கு 14½ அங்குலச் சதுரமாகக் கெட்டித்தாள் ஒன்று வெட்டி, நடுவில் கூட்டல் குறியாக இரண்டு கோடுகள் போடுங்கள். அந்த நடுப்புள்ளி கட்டத்தின் நடுவில் உட்கார வேண்டும். ஓரத்தை வைத்து அளந்தால் கட்டம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பட்டி தைக்கும்போது எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு: நீளமான பட்டியை வைத்துத் தைத்துக்கொண்டே போய், கடைசியில் மிச்சத்தை வெட்டுவது. மெஷின் பட்டியைச் சற்று இழுத்துத் தள்ளும், ஓரம் அலையலையாக வரும். கட்டத்தின் நடுவில் அளந்து, பட்டியை அதே நீளத்துக்கு முதலில் வெட்டி, இரு முனையும் நடுவும் குண்டூசி குத்திவிட்டுப் பிறகு தையுங்கள்.

42 அங்குலப் பயனுள்ள அகலமுள்ள துணியில் ஓரப்பட்டிக்கு 14 பட்டிகள் வெட்ட வேண்டியிருக்கும், 28 அங்குல நீளம் போகும். கடைசியில் குவில்ட்டின் விளிம்பைச் சுற்றி மடிக்கும் பட்டிக்கு 2½ அங்குலத்தில் 5 வேண்டும். இரண்டும் ஒரே துணி என்றால் ஒன்றேகால் மீட்டர் போதும். வாங்கியதும் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். பழைய துணிகள் சுருங்கி முடித்தவை, புதுத்துணி இனிமேல்தான் சுருங்கும்.

டீ-ஷர்ட் கட்டத்தின் பின்புறம் முழுவதும் இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸை ஒரே துண்டாக ஒட்டுங்கள். தையல்களின் மேலேயே ஒட்டலாம், தவறில்லை. இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுத்து அடுத்த இடத்தில் வையுங்கள், தேய்த்து இழுத்தால் அந்தத் துணி மறுபடி நீளும். புடவைக் கட்டத்துக்குப் பின்னால் மெல்லிய வெள்ளைப் பருத்தியை உள்துணியாக வைத்து, இரண்டையும் ஒரே துணியாகப் பாவியுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு சதுரத்தையும் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் விலகி இடைவெளி தெரியும் சதுரத்தை எந்தத் தையலும் காப்பாற்றாது. அதே புடவையின் முந்தானை போன்ற நல்ல பகுதியிலிருந்து ஒரு துண்டை மேலே வைத்துத் தைத்துவிடுங்கள்.

சிவப்புக்குச் சோதனை இன்றே. வெள்ளைத் துணியை நனைத்துச் சிவப்பின் மேல் வைத்து, சூடான இஸ்திரியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தக் கட்டத்தை மட்டும் வெந்நீரில் சிறிது சோப்புத்தூளுடன் ஊறவைத்து, தண்ணீர் தெளிவாகும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். உப்போ வினிகரோ போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். துணியில் பிடிக்காத மிச்சச் சாயம் கழுவிப் போனால்தான் உண்டு. ஐந்தாறு முறைக்குப் பிறகும் தண்ணீர் சிவந்தால் அந்தச் சதுரங்களை மாற்றுவதே வழி. ஒரு சிவப்பு மற்ற எட்டு பேரின் வேலையையும் இளஞ்சிவப்பாக்கிவிடும்.

பட்டன்களை எடுத்துவிடுங்கள். எவ்வளவு அழுத்தமாகத் தைத்தாலும் நூல் தேயும், பட்டன் வாய்க்குப் போகும். தோழி வருந்தினால், பட்டன் இருந்த இடத்தில் அதே வட்டத்தைச் சங்கிலித் தையலில் போடச் சொல்லலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் ஒரு வருடம் குழந்தை தூங்கும் இடத்தில் குவில்ட், தலையணை போன்ற மெத்தென்ற பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை. முகத்தை மூடி மூச்சுத் திணறும் ஆபத்து. ஆகவே இது தரையில் விரித்து, பெரியவர் பார்வையில் குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாட விடும் விரிப்பு. தங்கையிடமும் அப்படியே சொல்லிக் கொடுங்கள். வேலையும் அதனால் மாறுகிறது: மெல்லிய பஞ்சு விரிப்பே போதும், அடிக்கடி சலவை தாங்க வேண்டும், மேலே முடிச்சு எதுவும் தொங்கக் கூடாது. கம்பளி நூலால் அங்கங்கே முடிச்சுப் போட்டு மூன்று அடுக்கையும் பிடிக்கும் முறை விரைவானதுதான், ஆனால் இந்த வயதுக் குழந்தை அந்தக் குஞ்சத்தைப் பிடித்து இழுத்துச் சப்பும். தையலே போடுங்கள்.

அடித்துணியும் பஞ்சு விரிப்பும் மேலடுக்கைவிட எல்லாப் பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக, 46க்கு 46 வேண்டும். 42 அங்குலத் துணி அகலம் போதாது என்பதால் எப்படியும் ஒட்டுப் போட்டாக வேண்டும். அந்த ஒட்டில்தான் பெயர்கள் வரலாம். 46 அங்குல நீளத் துணியை நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்கில் பிளந்து, இடையில் 6 அங்குல வெளிர்நிறப் பட்டை ஒன்றை அரை அங்குலத் தையலில் சேருங்கள். அகலம் சரியாக 46 ஆகும். சரிபாதியில் பிளக்காததற்குக் காரணம், மடிக்கும்போது மடிப்பு எப்போதும் நடுவில் விழும், தையலும் அங்கேயே இருந்தால் சீக்கிரம் தேயும். பெயர்களைத் துணிக்கென்று விற்கும் நிறமி மை பேனாவால் எழுதி, இஸ்திரியால் சூடேற்றுங்கள். 1840களில் அமெரிக்காவில் தோழியர் கையெழுத்திட்ட குவில்ட்கள் பெரிய மோகமாக இருந்தன. இரும்பு கலந்த மையால் எழுதியவற்றில் எழுத்து இருந்த இடத்தில் துணி அரித்து, எழுத்து வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருக்கிறது. வீட்டிலிருக்கும் ஏதோ ஒரு பேனாவை எடுக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. பட்டி வைப்பது, நறுக்குவது, ஒன்பதையும் இணைப்பது எல்லாம் ஒரே கையில், முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். அது நீங்கள்தான். கூட்டத்துக்குக் கொடுக்க வேண்டியது அளவு தேவைப்படாத வேலைகள். ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடாது, விளிம்புப் பட்டியை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் அடித்துணியை நல்ல பக்கம் கீழே பார்க்கத் தரையில் விரித்து, சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் இழுத்து, நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டுங்கள். முரசுத் தோல்போல விறைப்பாக இழுத்தால், டேப்பை எடுத்ததும் துணி பின்வாங்கி அடியில் சுருக்கம் விழும். மேலே பஞ்சு, அதற்கு மேல் கட்டங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 4 அங்குலத்துக்கு ஒரு ஊக்கு, மொத்தம் நூறு அளவில் ஆகும். தைக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம். அதில் ஒருவர் மட்டும் ஊசிக் கணக்கர். கொடுத்த ஊக்கு, குண்டூசி, தையல் ஊசி எத்தனை என்று தாளில் எழுதி, மாலையில் அதே எண்ணிக்கை திரும்பும் வரை யாரையும் வீட்டுக்கு விடக் கூடாது. மற்ற குவில்ட்களில் இது நல்ல பழக்கம், குழந்தைக் குவில்ட்டில் கட்டாயம்.

கைத்தையலுக்கு 42 அங்குலத்தைச் சுற்றி ஒரு நேரத்தில் நான்கு பேர்தான் உட்கார முடியும். உங்கள் ஒன்பது கட்டம் அதற்கு வாகாக இருக்கிறது. முதலில் நடுக்கட்டத்தை ஒருவர் தைத்து முடிக்கட்டும். பிறகு நான்கு பக்கத்து நடுக்கட்டங்களை நான்கு பேர். கடைசியில் நான்கு மூலைகளை மற்ற நால்வர். வெளியிலிருந்து உள்ளே தைத்தால் மிஞ்சும் துணி நடுவில் குமிழாகச் சேரும், பிறகு அதை ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொருவரும் கட்டத்தைச் சுற்றியும், உள்ளே சதுரங்களின் இணைப்புக் கோடுகளை ஒட்டியும் ஓட்டுத் தையல் போட வேண்டும். 4 அங்குலத்துக்கு ஒரு கோடு விழும், பஞ்சு உள்ளே நகராது. நூல் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். அங்குலத்துக்கு ஐந்தாறு தையல் போதும், சிலருடையது பெரிதாகவும் சிலருடையது சிறிதாகவும் இருக்கட்டும். அளவு ஒன்றாக இருக்க வேண்டிய இடம் தாண்டியாகிவிட்டது. ஒன்றை மட்டும் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும்: நாலைந்து தையலுக்கு ஒருமுறை அடியில் கைவிட்டு ஊசி கீழடுக்கைத் தொட்டதா என்று தடவிப் பார்ப்பது. புதியவர்கள் பெரும்பாலும் மேலடுக்கையும் பஞ்சையும் மட்டும் தைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். முடிச்சைச் சுண்டி இழுத்துப் பஞ்சுக்குள் புதைத்துவிடுங்கள்.

விளிம்புப் பட்டியை இரண்டாக மடித்து முன்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் கையால் எம்மிங் செய்யுங்கள். மூலைக்கு 2 நூல் முன்பே தையலை நிறுத்தி, பட்டியை மேலே மடித்து மறுபடி கீழே இறக்கினால் மூலை கூராக வரும். கொடுப்பதற்கு முன் ஒருமுறை குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் தட்டையாக உலர்த்துங்கள். பருத்திப் பஞ்சு என்றால் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும், 42 அங்குலம் 40, 41 ஆகும். தையலோரங்களில் லேசாகச் சுருக்கம் விழுவது அதனால்தான், அது பிழையல்ல.

நடுவில் யார் என்ற வழக்குக்கு வருகிறேன். குவில்ட்டைத் தூக்குவது, உதறுவது, பிழிவது எல்லாம் ஓரத்தையும் மூலையையும் பிடித்துத்தான். இழுபாடு மிகக் குறைவான இடம் நடு. எனவே இருப்பதிலேயே பலவீனமான துணி அங்கே போக வேண்டும். பாட்டியின் புடவை.