சர்க்கரை நோயும் ஆறாத கால் புண்ணும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சர்க்கரை நோய் இருக்கிறது. இரண்டு மாதமாகக் காலில் புண். நல்ல களிம்பு ஒன்று சொல்லுங்கள்.

உள்ளங்காலிலா, விரல் நுனியிலா, குதிகாலிலா? பாதத்தில் நாடி தெரிகிறதா? சீழ் வருகிறதா? எதையும் எழுதாமல் களிம்பின் பெயரை மட்டும் கேட்டால் நான் என்ன சொல்வது? இரண்டு மாதமாக ஒரு புண் ஆறவில்லை என்றால் அழுத்தம், ரத்த ஓட்டக் குறைவு, கிருமித் தொற்று ஆகிய மூன்றில் ஒன்றையாவது யாரும் கவனிக்கவில்லை. களிம்பு தேடாதீர்கள். இந்த வாரமே காலை நேரில் காட்டுங்கள்.

கேள்வி: தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவுகிறேன். நுரை வருவது கிருமி சாவதால்தானே?

இல்லை. ரத்தத்திலும் திசுவிலும் இருக்கும் ஒரு நொதி பட்டாலே அது நுரைக்கும். புதிதாக வளர்ந்துவரும் சதையும் அதில் சேர்ந்தே கெடும். நார்மல் சலைன் (மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்) போதும். கிடைக்காவிட்டால் கொதிக்கவைத்து ஆற்றிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன். அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரியுங்கள். கழுவலாம், ஊறவைக்கக் கூடாது. ஊறிய தோல் வெளுத்து, புண்ணின் ஓரம் பிரிந்து, புண் பெரிதாகும்.

கேள்வி: கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் புண். புண்ணில் அழுத்தம் விழாமலிருக்கக் கழற்றி மாட்டும் பூட்ஸ் கொடுத்தார்கள், வெளியே போகும்போது தவறாமல் போடுகிறேன். ஐந்து வாரமாகியும் புண் அதே அளவில்தான் இருக்கிறது. டிரெஸ்ஸிங்கை மாற்றலாமா?

டிரெஸ்ஸிங்கில் குறை இல்லை. "வெளியே போகும்போது" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். படுக்கையிலிருந்து கழிவறைக்கும் அங்கிருந்து சமையலறைக்கும் போவது நடை இல்லையா? நாளொன்றுக்கு 5,000 அடி வைத்தால் அந்தப் புண் 2,500 முறை உடல் எடையைத் தாங்குகிறது. காலையில் கட்டிய புதுச் சதை மாலைக்குள் நசுங்கிவிடும். நீங்கள் மட்டும் இப்படி இல்லை. பூட்ஸிலும் இடுப்பிலும் அடி எண்ணும் கருவி வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003-இல் வந்தது. அதில் நோயாளிகள் வைத்த அடிகளில் ஏறக்குறைய கால் பங்குதான் பூட்ஸோடு. வலி இருந்தால் யாரும் நொண்டியாவது நடப்பார்கள். சர்க்கரை நோயால் நரம்பு மரத்த காலுக்கு அந்த எச்சரிக்கையே கிடையாது. நோயாளியைத் திட்டிப் பயனில்லை. கழற்ற முடியாத ஒன்றைப் போட்டுவிட வேண்டும்.

முழங்காலுக்குக் கீழ்வரை வரும் டோட்டல் கான்டாக்ட் காஸ்ட் என்னும் மாவுக்கட்டைக் கேளுங்கள். அதைக் கட்டத் தெரிந்தவர் இல்லையென்றால், உங்களிடம் இருக்கும் பூட்ஸையே (முழங்காலுக்குக் கீழ்வரை வருவதாக இருந்தால்) ஒரு சுற்று ஃபைபர்கிளாஸ் கட்டால் கழற்ற முடியாதபடி சுற்றச் சொல்லலாம். பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. மாவுக்கட்டைப் போட்ட இரண்டு மூன்று நாளில் முதல் முறை மாற்றியாக வேண்டும். வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்து, உரசி, புதுப் புண்ணை உண்டாக்கும். பிறகு வாரம் ஒரு முறை. மற்றக் காலுக்கு அதே உயரத்தில் செருப்பு வேண்டும், இல்லையென்றால் இடுப்பு வலிக்கும். தொற்றும் ரத்த ஓட்டக் குறைவும் சேர்ந்திருந்தால் இந்தக் கட்டு கூடாது. முதலில் அவற்றைக் கவனிக்க வேண்டும்.

புண்ணைச் சுற்றி வெள்ளையாக, கெட்டியாக ஒரு வளையம் இருக்கிறதா? அது காய்ப்பு. செருப்புக்குள் கிடக்கும் கல்லைப் போல அழுத்தும். அதற்கடியில் கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் பிளேடால் சீவி எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் நீங்களே சீவாதீர்கள், கால் ஆணி பிளாஸ்டரும் ஒட்டாதீர்கள்.

வாரம் ஒரு முறை நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்கிக் குறித்து வையுங்கள். 2 செ.மீ.க்கு 2 செ.மீ. இருந்த புண் நான்கு வாரத்தில் 1.4-க்கு 1.4 ஆகியிருக்க வேண்டும், அதாவது பாதிப் பரப்பு. ஆகவில்லை என்றால் சிகிச்சையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

கேள்வி: சிவப்பு, சீழ், வீக்கம் எதுவும் இல்லை. ஆனால் ஸ்வாப் கல்ச்சரில் (புண்ணைப் பஞ்சால் தடவி எடுத்துச் செய்யும் கிருமிப் பரிசோதனை) கிருமி வந்திருக்கிறது. ஆன்டிபயாடிக் வேண்டுமா?

வேண்டாம். திறந்த புண் எல்லாவற்றிலும் கிருமி இருக்கும். தொற்று இருக்கிறதா என்பதைக் கண்ணும் கையும்தான் முடிவு செய்யும், ரிப்போர்ட் அல்ல. சிவப்பு புண்ணின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ.க்கு மேல் படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை.

கேள்வி: எக்ஸ்ரே நார்மல். தொற்று எலும்புக்குப் போகவில்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. எலும்பில் தொற்று தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆன பிறகே எக்ஸ்ரேயில் தெரியும். சுத்தமான உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் விட்டு, எலும்பு தட்டுப்படுகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். தட்டுப்பட்டால் ரத்தப் பரிசோதனை, இரண்டு வாரம் கழித்து மீண்டும் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ.

கேள்வி: அம்மாவுக்குக் குதிகாலில் காய்ந்த கறுப்புப் பொருக்கு. வெந்நீரில் ஊறவைத்து எடுக்கலாமா?

கூடாது. ஊறவைக்காதீர்கள் என்று மேலேயே சொன்னேன். காய்ந்து ஒட்டியிருக்கும்வரை அது மூடிபோலக் காக்கும். முதலில் ரத்த ஓட்டத்தைப் பாருங்கள். கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்த அளவு சரியாக இருப்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். சர்க்கரை நோயில் ரத்தக்குழாய்ச் சுவர் சுண்ணாம்பேறி விறைத்து, பொய்யான அளவைக் காட்டும். கால்விரலில் ரத்த அழுத்தம் எடுக்கச் சொல்லுங்கள். 30 mmHg-க்குக் கீழே இருந்தால் ரத்தக்குழாய் நிபுணரை அவசரமாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒரு பாதம் மட்டும் சூடாக, சிவந்து வீங்கியிருக்கிறது. புண் இல்லை, வலியும் அதிகமில்லை.

இன்றிலிருந்து அந்தக் காலை ஊன்றாதீர்கள். இல்லை என்று நிரூபணமாகும்வரை சார்கோ பாதம் என்றே கொள்ளுங்கள்: நடக்க நடக்க உள்ளே எலும்புகள் நொறுங்கும். இதிலும் தொடக்கத்தில் எக்ஸ்ரே நார்மலாக இருக்கும். உடனே மாவுக்கட்டு.

கேள்வி: புண் ஆறிவிட்டது. பழைய செருப்பையே போடலாமா?

அந்தச் செருப்பில்தானே புண் வந்தது? ஆறியவர்களில் பத்தில் நான்கு பேருக்கு ஒரே வருடத்தில் திரும்ப வருகிறது. உள்ளளவு பாதத்தைவிட 1 முதல் 2 செ.மீ. நீளமாக, அழுத்தம் பிரியும்படி பாதத்துக்கு அளவெடுத்துச் செய்ததைப் போடுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம். மாட்டும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். காலுக்குத் தெரியாத கல் கைக்குத் தெரியும்.