பட்டறைக் கேள்வி-பதில்: ஆர்பிஎம் முள் அசையாவிட்டால்

கேள்வி: பழைய டூ-ஸ்ட்ரோக் வெஸ்பாவைப் பேட்டரி வைத்து முழு டிசிக்கு மாற்றிவிட்டேன். எலக்ட்ரானிக் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றுகள்) மீட்டரில் விளக்கு எரிகிறது, முள் அசையவில்லை. சிக்னல் ஒயரைச் சாவிக்குப் பின் வரும் பாசிட்டிவில் கொடுத்திருக்கிறேன். சில நேரம் முள் 9,000 வரை குதித்து விழுகிறது.
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: விளக்கு எரிவதால் மீட்டருக்கு மின்சாரம் சரியாகவே போகிறது. சிக்னல் எடுத்த இடம்தான் தவறு. மீட்டர் மின் துடிப்புகளை எண்ணுகிறது. பேட்டரியோ அவற்றைச் சமப்படுத்திவிடுகிறது. முள் குதிப்பது பெரும்பாலும் பிளக் பொறியின் இரைச்சலால்தான்.

டிசிக்கு மாற்றும்போது என்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் சுருளின் எர்த்தைப் பிரித்து, இரு முனைகளையும் ஏசியை டிசியாக்கும் ரெகுலேட்டருக்குக் கொண்டு வருவார்கள். அந்த ஏசி ஒயர்களில் ஒன்றிலிருந்து, ரெகுலேட்டருக்கு முன்பாகவே சிக்னலை எடுங்கள். இடையில் 10 கிலோ-ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். முள் அசையாவிட்டால் 4.7 கிலோ-ஓமுக்கு இறங்கலாம். சிடிஐக்கு (பிளக்கில் பொறி உண்டாக்கும் மின்னணுப் பெட்டி) சக்தி தரும் ஒயரை மட்டும் தொடவே வேண்டாம். அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும், மீட்டர் கருகிவிடும்.

அடுத்து, எண்ணிக்கை. காந்தச் சக்கரத்தில் ஆறு துருவம் இருந்தால் ஒரு சுற்றுக்கு மூன்று துடிப்பு. மீட்டரில் அந்த அமைப்பு இருக்க வேண்டும். மல்டிமீட்டரை ஹெர்ட்ஸில் வைத்து அதே ஏசி ஒயரில் பாருங்கள்: 60 ஹெர்ட்ஸ் என்றால் 1,200 ஆர்பிஎம். அதாவது ஹெர்ட்ஸை 20-ஆல் பெருக்கினால் போதும். மீட்டர் சொல்வது சரியா என்று வீட்டிலேயே இப்படிச் சோதிக்கலாம்.

மூன்று துடிப்பு அமைப்பு இல்லாத மீட்டர் என்றால், பிளக் ஒயரின் மேல் காப்பு உறையுள்ள ஒயரை ஐந்தாறு சுற்று சுற்றி சிக்னல் எடுக்கலாம். ஆனால் மீட்டர் அந்த முறைக்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் சுற்றுக்கு ஒரு பொறி. நாலு சிலிண்டர் கார் மீட்டர் சுற்றுக்கு இரண்டை எதிர்பார்ப்பதால் சரிபாதியே காட்டும்.

முள் இன்னும் குதித்தால் ரெசிஸ்டர் உள்ள பிளக் போடுங்கள். என்ஜிகே நிறுவனப் பிளக் எண்ணில் பி-க்கு அடுத்து ஆர் வரும். மீட்டரின் எர்த்தைக் கைப்பிடித் தகட்டில் கொடுக்காமல் நேரே பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டு போங்கள். பெயின்ட்டும் கிரீஸும் அங்கே தொடர்பைக் கெடுக்கும். பினாங்கு ஈரக்காற்றில் துருவும் சேரும். பாசிட்டிவில் 1 ஆம்பியர் ஃபியூஸ் அவசியம்.

கேள்வி: என் ஸ்கூட்டரில் பேட்டரி இல்லை, ரெகுலேட்டர் மட்டும் டிசி தருகிறது. ஐட்லிங்கில் மீட்டர் அணைந்து அணைந்து எரிகிறது.
— வாசகர், கோலாலம்பூர்

பதில்: பேட்டரி இல்லாததால் டிசி அலையலையாக வருகிறது. மீட்டரின் பாசிட்டிவ்-நெகட்டிவ் இடையே 4,700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெபாசிட்டர் ஒன்றைச் சேருங்கள். புடு, ஜாலான் பாசார் கடைகளில் தேடலாம். மீட்டருக்குப் போகும் பாசிட்டிவில் முதலில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு, அதற்குப் பின் கெபாசிட்டர் என்று வைத்தால், ஹெட்லைட் அந்தச் சேமிப்பை உறிஞ்சாது. கெபாசிட்டரில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். மாற்றி மாட்டினால் வெடிக்கும். வாகனத்தின் அதிர்வில் கெபாசிட்டரின் கம்பிக் கால்கள் ஒடியாமலிருக்க சிலிகான் பசையால் ஒட்டிவிடுங்கள்.