ஈஸ்ட் சான் ஹோசேல வீடு எடுக்கலாமா?

தம்பி, கலிஃபோர்னியாவுக்கு வர்றதுக்கு முன்னாடி, பழைய கார் எங்க வாங்கறது, ஆஃபீஸுக்கு எந்த ரூட்டுன்னு கேட்டதுக்கெல்லாம் உங்க ஆஃபீஸ்லயே சொல்லுவாங்க. ஆனா "ஈஸ்ட் சான் ஹோசேல வாடகை கொஞ்சம் கம்மி, ஸ்கூல் பூரா மெக்சிகன் பசங்க, ரேட்டிங் பத்துக்கு 3 தான், என் பையன் கெட்டுப்போயிடுவானா"ன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் இவ்ளோ நேரம் உக்காந்து டைப் பண்றேன்.

வந்த புதுசுல நானும் ஈஸ்ட் சான் ஹோசேல அலம் ராக் பக்கம்தான் குடியிருந்தேன். நம்மாளுங்க அத்தனை பேரும் "அங்கயா? கூபர்டினோ போயிடுப்பா"ன்னாங்க (நம்மாளுங்க நிறைய இருக்கற, வாடகை ஜாஸ்தியான பக்கத்து ஊரு), ஒருத்தரும் அங்க வந்து பாத்ததில்ல. பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டின சீசர் சாவேஸ் வாழ்ந்த ஏரியா அது.

எங்க மேல் வீட்டுல ரெண்டு பெட்ரூம்ல ரெண்டு குடும்பம். எட்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன், சத்தம் தாங்காம கீழ லாண்ட்ரி ரூமுக்கு வந்து ட்ரையர் மேல நோட்ட வச்சு நின்னுக்கிட்டே கணக்கு போடுவான், அல்ஜீப்ரால அப்படி ஒரு வேகம். அவங்கப்பா நைட்டு டெக் கம்பெனி ஆஃபீஸ்கள க்ளீன் பண்ற காண்ட்ராக்ட் ஆளு. வாடகை ஏறுச்சு, ஸ்கூல் வருஷ நடுவுல வாடகை கம்மியான, தூரத்து ஊரான ஸ்டாக்டனுக்குக் கிளம்பிட்டாங்க. அப்பா தினமும் அங்கேருந்து வேலைக்கு வந்து போக, வீட்டுக்கு ஆம்பளப்பிள்ளைன்னு இவன்தான். பதினாறு வயசுல ட்ரைவால் (வீட்டுச் சுவர்ப் பலகை மாட்டற) வேலைக்குப் போயிட்டான். பையன் படிப்பு இப்படித்தாங்க நிக்குது, மூளை இல்லாம இல்ல.

வாடகைய ஏத்தினது நம்ம இண்டஸ்ட்ரி சம்பளம்தானே. குடும்பங்க காலி பண்ணிப் போகப் போகப் பிள்ளைங்க குறைஞ்சு, 2024 கடைசில அலம் ராக் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டே (அந்த ஏரியா ஸ்கூல்கள நடத்தற நிர்வாகம்) சில ஸ்கூல்கள மூட முடிவெடுத்துச்சு. வள்ளல்கள நம்பவும் முடியாது, ஈஸ்ட் பாலோ ஆல்டோல ஃபேஸ்புக் சக்கர்பெர்க் குடும்பம் காசு போட்டு 2016ல தொடங்கின இலவச ஸ்கூல 2026ல மூடறோம்னு 2025ல சொல்லிட்டாங்க, அதுல படிச்சது பெரும்பாலும் லத்தீனோ (மெக்சிகோ மாதிரி லத்தீன் அமெரிக்க நாட்டு வம்சாவளி) பிள்ளைங்க. நாடு முழுக்க வேலை பாக்கறவங்கள்ல 17% லத்தீனோக்கள், சயின்ஸ் டெக் வேலைகள்ல 8% தான்னு 2021ல ப்யூ ஆய்வு நிறுவனத்தோட ரிப்போர்ட் வந்துச்சு. அதுக்காக அவங்களால முடியாதுன்னு இல்ல, 2004ல ஃபீனிக்ஸ் கார்ல் ஹேடன் ஹைஸ்கூல்ல குடியுரிமைப் பேப்பர் இல்லாத நாலு மெக்சிகன் பசங்க பிவிசி பைப்ல தண்ணிக்குள்ள போற ரோபோ செஞ்சு போட்டியில எம்ஐடி டீமையே ஜெயிச்சாங்களே!

அதனால ரேட்டிங்க நம்பாதீங்க, அது முக்கால்வாசி அப்பா அம்மா சம்பளத்ததான் காட்டும். ஸ்கூலுக்கு நேர்ல போயி, எட்டாங்கிளாஸ்ல அல்ஜீப்ரா இருக்கா, யாருக்கெல்லாம் குடுக்கறாங்க, பிள்ளைங்களுக்கு எந்தப் பாடம் எடுக்கறதுன்னு வழி சொல்ற கவுன்சலர் ஒருத்தருக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேளுங்க. நம்மாளுங்க சிலர் அந்தப் பசங்களோட ஃபுட்பால் ஆடக்கூட பிள்ளைய விடறதில்ல, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. சனிக்கிழமை இங்க லைப்ரரில கணக்கு சொல்லிக்குடுக்கறோம், ஆள் பத்தல. வந்து இறங்கினதும் பையனயும் கூட்டிக்கிட்டு வாங்க.