வாசகர் கேள்வி–பதில்: சேலஞ்ச் கிண்ணமும் தோட்டத் திடலும்

கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் ஆடும் ரக்பியும், இங்கிலாந்தில் சேலஞ்ச் கிண்ணத்துக்கு ஆடும் ரக்பியும் ஒன்றுதானா?
– வாசகர், சுங்கை சிப்புட்

இல்லை. கல்லூரியில் ஆடுவது ரக்பி யூனியன், அணிக்கு 15 பேர். சேலஞ்ச் கிண்ணம் ரக்பி லீக்குக்கு உரியது, அதில் 13 பேர். யூனியனில் ஆட்டக்காரர் பிடிபட்டு விழுந்ததும் இரு அணியும் பந்துக்காக முட்டி மோதும். லீக்கில் அது கிடையாது. பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டுவார். எதிரணி 10 மீட்டர் பின்வாங்கி நிற்க வேண்டும். ஆறாவது முறை பிடிபட்டால் பந்து கைமாறும். அதனால்தான் ஐந்தாவது பிடி முடிந்ததும் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்துவிடுவார்கள். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது ட்ரை, அதற்கு 4 புள்ளி. ட்ரைக்குப் பின் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வெர்ஷனுக்கும், எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி உதைக்கும் 2, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ட்ராப் கோலுக்கு 1.

இரண்டும் பிரிந்தது 1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்ட் ஜார்ஜ் ஹோட்டலில். வடக்கு இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டக் கூடாது என்றது ரக்பி மேலிடம். கொடுத்தே தீருவோம் என்று வடக்குக் கிளப்புகள் தனியே போயின. தோட்டத்தில் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வராத நாளுக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை என்று அறிந்த நம் பெரியவர்களுக்கு இந்த வழக்கின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. பிரிந்த கிளப்புகள் தொடங்கியதுதான் சேலஞ்ச் கிண்ணம். 1897-இல் லீட்ஸ் நகரின் ஹெடிங்லியில் நடந்த முதல் இறுதியாட்டத்தில் பேட்லி, செயின்ட் ஹெலன்ஸை 10–3 என்று வென்றது.

2025-இல் இங்கிலாந்தின் ஹல் கேஆர் அணி ஐந்தே ஆட்டத்தில் சேலஞ்ச் கிண்ணத்தைத் தூக்கியதாமே? சிறிய அணிகளுக்கு இது அநியாயம் இல்லையா?
– வாசகி, அதே ஊர்

ஐந்து ஆட்டம்தான். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய போட்டி இது, ஆனால் எல்லாரும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. உள்ளூர் அமெச்சூர் அணிகள் முதலில் மோதும், மேல் பிரிவுகள் படிப்படியாகச் சேரும். 2025-இல் உச்சப் பிரிவான சூப்பர் லீக் கிளப்புகள் மூன்றாம் சுற்றில் நுழைந்தன, அதுவும் வெளியூர்த் திடலில். சிறிய அணிக்குச் சொந்தத் திடலும் நுழைவுச்சீட்டு வரும்படியும் கிடைக்கும் இந்த ஏற்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

ஹல் கேஆர் வரிசையாக யார்க், ஓல்டம், ஊர்ப் போட்டியாளரான ஹல் எஃப்சி, பிரான்சின் கேட்டலன்ஸ் ஆகியவற்றைத் தாண்டி, இறுதியாட்டம் நடக்கும் லண்டன் வெம்ப்ளி அரங்குக்கு வந்தது. ஜூன் 7 இறுதியாட்டத்தில் கடைசி நிமிடங்கள் வரை வாரிங்டன்தான் முன்னிலை. டாம் டேவிஸ் ட்ரை போட்டார், மைக்கி லூயிஸ் கன்வெர்ஷனை உள்ளே அனுப்பினார். 8–6. இதே ஹல் கேஆர் 2023 இறுதியில் லீ அணியிடம் கோல்டன் பாய்ன்டில் (கூடுதல் நேரத்தில் முதலில் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி) 16–17 என்று தோற்ற அணி. அதற்கு முன் இந்தக் கிண்ணத்தை அது வென்றது 1980-இல்.

தோட்டத்துச் சுழற்கிண்ணத்துக்கு இந்த ஆண்டு டச் ரக்பி வைக்கிறோம். 11 அணிகள், ஒரே திடல், ஒரே நாள். குலுக்கலை எப்படிப் போடுவது?
– இளைஞர் மன்றச் செயலாளர்

டச் ரக்பி லீக்கிலிருந்து பிறந்தது. பிடித்து வீழ்த்துவதற்குப் பதில் கையால் தொட்டால் போதும். அணிக்கு 6 பேர், ஆறு தொடுதலில் பந்து கைமாறும், ஒரு ட்ரைக்கு ஒரு புள்ளி. கீழே தள்ளுவது இல்லை என்பதால் காய்ந்து இறுகிய தோட்டத் திடலுக்கு ஏற்றது.

குலுக்கலில் பலரும் செய்யும் தவறு, முதல் சுற்றிலேயே 5 ஆட்டம் போட்டு மிஞ்சும் ஓர் அணிக்கு பை (bye, ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு) கொடுப்பது. அப்படிச் செய்தால் அடுத்த சுற்றில் 6 அணி, அதற்கடுத்து 3. அரையிறுதியில் ஓர் அணி ஆடாமலே இறுதிக்குப் போய்விடும். சண்டை வருவது அங்கேதான்.

பை முதல் சுற்றோடு தீர வேண்டும். 11-க்கு மேலே வரும் இரட்டிப்பு எண் 16 (2, 4, 8, 16 என்று எண்ணுங்கள்). 16-இல் 11 போனால் 5. அத்தனை அணிக்கு பை. மீதி 6 அணிகள் மூன்று ஆட்டம் ஆடும். வென்ற மூன்றும் காத்திருந்த ஐந்தும் சேர்ந்தால் 8, நேராகக் காலிறுதி. எத்தனை அணி வந்தாலும் மொத்த ஆட்டம் அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு, உங்களுக்கு 10. பையை வேண்டியவர்களுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். எல்லா அணியின் மேலாளர்களும் பார்த்திருக்க, டப்பாவிலிருந்து முதலில் வரும் ஆறு சீட்டுகள் ஆடட்டும். காலிறுதிக்குப் புதிதாகக் குலுக்குங்கள்.

நேரக் கணக்கு: பாதிக்கு 10 நிமிடம், இடையே 2, அணி மாற 5. ஆக 27 நிமிடம். இரண்டாம் அரையிறுதியில் வென்ற அணி மூச்சு வாங்காமல் இறுதிக்கு இறங்கினால் ஆட்டமே கெட்டுவிடும், ஆகவே மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தை நடுவில் வையுங்கள். மொத்தம் 11 ஆட்டம், 297 நிமிடம். காலை 8 மணிக்குத் தொடங்கினால் பகல் 1 மணிக்குள் முடியும், மாலை மழைக்கு முன்னால் கிண்ணம் கைக்கு வந்துவிடும். தாமதமாக வரும் அணிக்கு 5 நிமிடம் பொறுத்து, பிறகு எதிரணி வென்றதாக அறிவியுங்கள். இதை முன்கூட்டியே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது அவசியம்.

சமநிலைக்கும் விதி இப்போதே எழுதுங்கள். முதல் ட்ரை போடும் அணியே வெற்றி என்றால் பூவா தலையாவில் பந்து கிடைத்த அணிக்கு வாய்ப்பு அதிகம். இரு அணிக்கும் ஆளுக்கு ஒரு முறை பந்து கிடைத்த பிறகே முடிவு என்று வையுங்கள்.

திடலில் தண்ணீர் தேங்கினாலும் ஆடலாமா?
– அதே செயலாளர்

1968-இல் வெம்ப்ளியில் சேலஞ்ச் கிண்ண இறுதியாட்டம் அப்படித்தான் நடந்தது. கடைசி நிமிடத்தில் வேக்ஃபீல்ட் ட்ரை போட்டு, லீட்ஸ் 11–10 என்ற நிலை. கம்பத்துக்கு நேர் எதிரே கன்வெர்ஷன். டான் ஃபாக்ஸ் ஈரத்தரையில் சறுக்கி, பந்தை வெளியே உதைத்தார். ஆட்டநாயகருக்கான லான்ஸ் டாட் விருதுக்கு அவரைத் தேர்ந்தெடுத்துவிட்ட பிறகு நடந்தது இது. தேர்ந்த ஆட்டக்காரருக்கே கால் நிற்கவில்லை.

டச் ரக்பியில் உதைப்பதில்லை, ஆனால் ஓடியபடி சட்டென்று திரும்புவார்கள். முழங்கால் போவது அப்போதுதான். திடலைக் குறுக்கே நடந்து பாருங்கள். மிதிக்கும்போது தண்ணீர் காலணிக்கு மேல் எழும்பினால் ஒத்திவையுங்கள். இடி கேட்டால் திடலைக் காலி செய்து, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே ஆட்களை இறக்குங்கள். கூடாரத்தின் கீழோ மரத்தடியிலோ நிற்க விடாமல் மண்டபத்துக்குள் அனுப்புங்கள்.