களத்துமேட்டு நெல்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். சென்னையில் வேலை. 2021 தேர்தலில், கூரை வீட்டில் வாழும் இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் க. மாரிமுத்து எங்கள் தொகுதியில் ஜெயித்தபோது, அந்த வீட்டின் படத்தைக் கண் கலங்கி நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். காசில்லாதவரும் ஜெயிக்கலாம் என்று நம்பினேன். இப்போது எனக்கும் தேர்தலில் சுயேச்சையாக நிற்க ஆசை. ஊரில் யாரிடம் சொன்னாலும் ‘கையில எவ்வளவு வச்சிருக்க?’ என்றுதான் கேட்கிறார்கள். நேர்மையாகப் பணம் திரட்ட வழி உண்டா? தேர்தல் செலவை அரசே ஏற்றால் சரியாகுமா? நோட்டாவால் பயன் உண்டா?

கே.

அன்புள்ள கே.,

உங்களைப் போன்ற பிள்ளைகள் தேர்தலில் நிற்க ஆசைப்படுவதே மனதுக்கு நிறைவாக இருக்கிறது. அந்த ஆசையை யார் சிரித்தாலும் விட்டுவிடாதீர்கள்.

நோட்டாவைப் பற்றிப் பேச எதுவுமில்லை. சட்டமன்றத் தேர்தலில் அது முதலிடமே பிடித்தாலும், அடுத்து வந்த வேட்பாளர்தான் ஜெயித்தவர். அரசு செலவை ஏற்பது பற்றி 1998-லேயே இந்திரஜித் குப்தா குழு அறிக்கை கொடுத்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குப் பணமாக இல்லாமல் பொருளாகக் கொடுக்கலாம், சுயேச்சைகளுக்கு வேண்டாம் என்றது அது. ஆக, உங்களுக்கு அதில் ஒன்றும் வராது.

இப்போது அந்தக் கூரை வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் சொல்வது போல மாரிமுத்து எளிய மனிதர், எளிய வீட்டில் இருந்தார். அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் ‘காசில்லாமல்’ ஜெயித்தார் என்று எப்படி எழுதுகிறீர்கள்? அவரிடம் காசில்லை. தேர்தலில் காசில்லை என்று யார் சொன்னது? அவருடைய கட்சியின் கூட்டணித் தலைமையான தி.மு.க. 2019 மக்களவைத் தேர்தலுக்குக் கொடுத்த செலவுக் கணக்கைப் பாருங்கள். இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி கொடுத்ததாக அவர்களே தேர்தல் ஆணையத்திடம் எழுதியிருக்கிறார்கள். இந்திய கம்யூனிஸ்ட் அப்போது தமிழ்நாட்டில் நின்றது இரண்டே தொகுதிகளில். அதில் ஒன்று நாகப்பட்டினம், உங்கள் திருத்துறைப்பூண்டியும் அதற்குள்தான் வருகிறது. ஒரு மக்களவை வேட்பாளர் அன்றைக்குச் செலவழிக்கலாம் என்று சட்டம் வைத்த உச்சவரம்பு 70 லட்சம். கட்சி செய்யும் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. வங்கி வழியாகப் போன பணம், கணக்கில் காட்டிய பணம், சட்டப்படி குற்றமில்லை. நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. கூரை வீட்டின் படத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு கண்ணில் படாது என்றுதான் சொல்கிறேன்.

என் அப்பா விவசாயிகள் சங்கத்துக்காரர். எங்கள் பக்கத்தில் அறுவடை முடிந்து களத்துமேட்டில் கூலி நெல் அளக்கும்போது, தேர்தல் வருடமென்றால், ஆளுக்கு ஒரு படி நெல் கட்சிக்கு என்று எடுத்து வைப்பார்கள். யாரும் மிரட்டி வாங்குவதில்லை. கொடுக்காதவர்களும் உண்டு. அப்பா கோடு போட்ட நோட்டில் பெயர் எழுதி, நேரே ‘ஒரு படி’ என்று குறிப்பார். பாதிப்பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தன் பெயரை எழுதியாகிவிட்டதா என்று நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அந்த நெல்லை விற்ற காசில்தான் சுவரொட்டிக்கு மைதா பசை காய்ச்சியது, மைக் செட்டுக்கு வாடகை கொடுத்தது எல்லாம்.

ஜெயித்த எம்.எல்.ஏ. எங்கள் தெருவுக்கு வந்தபோது ஒரு பாட்டி அவரை மறித்தாள். “ஏந் தம்பி, நம்ம கூலி விசயத்த சபையில பேசுனியா இல்லையா?” அவர் திண்ணையில் உட்கார்ந்து, என்றைக்குப் பேசினார், மந்திரி என்ன சொன்னார், எது நடக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பாட்டி பாதியில் இரண்டு முறை குறுக்கிட்டாள். ரோடு கேட்கவில்லை, சிபாரிசுக் கடிதம் கேட்கவில்லை. சபையில் பேசினாயா என்று கேட்டாள். கீழத்தஞ்சையில் அதற்குக் காரணம் இருந்தது. 1968 டிசம்பரில், கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியில் 44 உயிர்கள் கருகின. அப்புறம் விவசாயக் கூலியை ஆராய்ந்த கணபதியா பிள்ளை ஆணையம், 1969-ல் நியாயக் கூலிச் சட்டம். கூலி என்பது சபையில் எழுதப்படும் ஒன்று என்று அந்தத் தலைமுறை ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொண்டது. ஒரு படி நெல் கொடுத்தவளுக்குக் கேட்கும் உரிமை இருந்தது, கேட்டாள்.

இன்றைக்குப் பணம் மேலேயிருந்து வருகிறது. வாக்காளர் வாங்குகிறவர் ஆகிவிட்டார். 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணம் புரண்டதால் தேர்தலையே ரத்து செய்ய வேண்டி வந்தது. வாங்கினவர் எந்த வாயால் சபையில் என்ன பேசினாய் என்று கேட்பார்? உறுப்பினரும் பதில் சொல்வது சீட்டும் செலவுக்குப் பணமும் கொடுத்த இடத்துக்குத்தான்.

சரி, நீங்கள் வாங்காதவர். நீங்களாவது கேட்டீர்களா? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வீட்டின் படத்தை அத்தனை பேருக்கு அனுப்பினீர்களே, அந்த வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த சபையில் 2023 ஏப்ரல் 21-ம் தேதி என்ன நடந்தது தெரியுமா? அன்றைக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா வந்தது. இடதுசாரிகள் உட்பட ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றாம் நாள் அரசு அதை நிறுத்திவைத்தது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். தோழமைக் கட்சியின் பணத்தில் தேர்தலைச் சந்தித்தவர்களாலும் எழுந்து நிற்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அந்தப் பெருமையை அவர்களுக்குக் கொடுக்காமல் இருக்க மாட்டேன்.

அதே நாளில் இன்னொன்றும் நிறைவேறியது. தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், உள்ளே ஏரி, குளம், வாய்க்கால் இருந்தாலும், சிறப்புத் திட்டம் என்று அறிவித்து ஒன்றாகச் சேர்க்க வழி செய்கிறது அது. விவாதம் என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல் குரல் வாக்கெடுப்பில் போய்விட்டது. விவசாயிகள் விழித்துக்கொண்டு போராடியது பின்னால்தான். டெல்டாக்காரர் நீங்கள், வாய்க்காலை நம்பி வாழும் ஊர். அன்றைக்கு யாருக்காவது எதையாவது அனுப்பினீர்களா?

இந்தக் குரல் வாக்கெடுப்பைப் பற்றி நான் பேசாத மேடை இல்லை. ஏற்போர் ‘ஆம்’ என்க, மறுப்போர் ‘இல்லை’ என்க என்பார் பேரவைத் தலைவர். சத்தம் எழும், நிறைவேறிவிடும். யார் ‘ஆம்’ சொன்னார், யார் வாய் திறக்கவில்லை என்று எங்கும் பெயர் இருக்காது. 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசின் மீது நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 122-க்கு 11 என்று எண்ணினார்கள். ஆட்சி நிற்குமா என்ற கேள்வி வந்தால் தலையை எண்ணுகிறோம். நிலம் போகுமா என்ற கேள்விக்குச் சத்தம் போதுமா? ஒவ்வொரு மசோதாவுக்கும் பெயர் சொல்லி வாக்கெடுக்க வேண்டும், அந்தப் பட்டியலை மறுநாளே தொகுதியில் ஒட்ட வேண்டும். கட்சிக் கொறடாவின் உத்தரவு, அதை மீறினால் பதவியைப் பறிக்கும் கட்சித்தாவல் சட்டம் என்று சொல்லி இதைத் தள்ளுகிறார்கள். கொறடா சொல்லித்தான் கை தூக்கினார் என்றால் அதுவும் ஊருக்குத் தெரியட்டும். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையாக வருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் சட்டம் நிறைவேறுவது கேள்வி நேரத்தில் இல்லையே. ஒரு உறுப்பினரின் சொத்துக் கணக்கு ஒரு சொடுக்கில் கிடைக்கிறது, செலவுக் கணக்கை முடிவு வந்த 30 நாளில் அவர் கொடுத்தாக வேண்டும். எந்தச் சட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினார் என்ற ஒன்று மட்டும் பதிவில் இல்லை. இதை மாற்றாமல் நீங்களும் நானும் எத்தனை நல்லவரை அனுப்பினாலும், அவர் நல்லவராகவே இருந்தார் என்று ஊருக்குச் சொல்ல ஆதாரம் இருக்காது.

நீங்கள் பணம் கேட்டிருந்தீர்கள். சின்னத் தொகையாக, ரசீது கொடுத்து, உங்களிடம் திரும்ப வந்து கேள்வி கேட்கக்கூடியவர்களிடம் வாங்குங்கள். கேட்க மாட்டேன் என்று கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். அதற்கு முன்னால் அந்த நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை எடுத்து முழுசாகப் படியுங்கள். அடுத்த கிராமசபையில் எழுந்து, நம் ஊர் வாய்க்கால் இதற்குள் வருமா என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.